டெக்கீலாவைச் சுவைத்துப் பார்ப்பது எப்படி: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

உப்பை நக்கி, ஷாட்டை ஒரே மடக்கில் இறக்கி, எலுமிச்சைத் துண்டைக் கடித்து முகம் சுளிப்பது. நம்மில் பலருக்கு டெக்கீலா இப்படித்தான் அறிமுகம். அந்தச் சடங்கு உண்மையில் செய்வது ஒரே வேலைதான்: உள்ளே போனது என்ன சுவை என்று நாக்குக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்வது. மட்டமான சரக்குக்கு அது நல்ல ஏற்பாடு. ஆனால் ஆறேழு வருடம் வயலில் நின்ற செடியை வெட்டி, இரண்டு நாள் சூளையில் வேகவைத்து, பிழிந்து, புளிக்கவைத்து, இரண்டு முறை வடித்த ஒன்றை அப்படிக் குடிப்பது காசுக்குப் பிடித்த கேடு.

மெதுவாக உறிஞ்சிக் குடிப்பதற்கென்றே தயாராகும் டெக்கீலாக்கள் இருக்கின்றன. அவற்றை எப்படி வாங்குவது, முகர்வது, சுவைப்பது, நல்லது கெட்டது பிரிப்பது என்பதுதான் இங்கே விஷயம். குடிப்பழக்கம் இல்லாதவர்கள் இதற்காகத் தொடங்க வேண்டியதில்லை. ஏற்கெனவே குடிப்பவர்களுக்கு இதில் ஒரு லாபம் உண்டு. கவனித்துக் குடித்தால் அளவு தானாகக் குறையும்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு கோப்பையிலும் முதலில் தேட வேண்டியது வெந்த அகாவேயின் வாசம். அகாவே என்பது டெக்கீலா எடுக்கும் அந்த முள் செடி. அது இருந்தால் மற்றதைப் பேசலாம். இல்லையென்றால் வெண்ணிலா, கேரமல், வழவழப்பு, பீங்கான் பாட்டில் என்று எத்தனை இருந்தாலும் அது டெக்கீலாவாகத் தேறவில்லை என்பது என் கட்சி.

முதலில் பாட்டிலைப் படியுங்கள்

டெக்கீலா என்ற பெயருக்கு மெக்சிகோ 1974இல் புவிசார் உரிமை அறிவித்தது. ஹலிஸ்கோ மாநிலம் முழுவதிலும், குவானாஹுவாட்டோ, மிச்சோகான், நயாரிட், டமௌலிபாஸ் ஆகிய நான்கு மாநிலங்களின் சில பகுதிகளிலும் விளைந்த நீல அகாவேயில் தயாரானதற்கு மட்டுமே அந்தப் பெயர் செல்லும். நம் ஊர் வேலியோரங்களில் நிற்கும் ஆனைக்கற்றாழையும் அகாவே இனம்தான். சோற்றுக்கற்றாழை வேறு. அதற்கும் இதற்கும் நெருங்கிய உறவில்லை.

லேபிளில் முதலில் தேட வேண்டிய வரி "100% டி அகாவே". இது இல்லாமல் வெறும் "டெக்கீலா" என்று மட்டும் இருந்தால் அது மிக்ஸ்டோ. அதில் சர்க்கரையின் 51 சதவீதம் அகாவேயிலிருந்து வந்திருந்தால் போதும். மிச்சம் 49 சதவீதம் வரை கரும்புச் சர்க்கரையோ சோளச் சர்க்கரையோ இருக்கலாம். சட்டப்படி குற்றமில்லை, காக்டெயிலில் கலந்தால் பரவாயில்லை. ஆனால் சுவைத்துப் பழக இது உதவாது. "கோல்டு" என்று விற்கும் மஞ்சள் நிறச் சரக்கில் பெரும்பாலானவை இந்த ரகம்தான். அந்த நிறம் பெரும்பாலும் கேரமலில் வந்தது, பீப்பாயில் வந்ததில்லை.

அடுத்தது நோம் எண். லேபிளில் எங்காவது ஒரு மூலையில் "நோம்" (NOM) என்ற எழுத்துகளோடு நான்கு இலக்கம் இருக்கும். அதுதான் வடிசாலையின் அடையாளம். 1139 என்றால் அராண்டாஸ் ஊரிலுள்ள லா அல்டேன்யா. 1493 என்றால் டெக்கீலா ஊரில் ஃபோர்ட்டலேசா பிராண்டு தயாராகும் இடம். 1122 என்றால் குவெர்வோ பிராண்டின் லா ரொஹேன்யா. ஒரே எண்ணின் கீழ் பத்து, இருபது பிராண்டுகள் வருவதும் உண்டு. சினிமா நட்சத்திரம் பெயரில் விற்கும் பாட்டிலும் பக்கத்தில் பாதி விலைக்கு நிற்கும் பாட்டிலும் ஒரே வடிசாலையிலிருந்து வந்திருக்கலாம். அதனால் பிராண்டை விட இந்த எண்ணைக் குறித்துவைப்பது நல்லது. ஒரு வடிசாலையின் கைப்பக்குவம் பிடித்துவிட்டால், அங்கிருந்து வரும் மற்றதையும் தைரியமாக வாங்கலாம்.

மதுச்சத்து 35 முதல் 55 சதவீதம் வரை இருக்கலாம். மெக்சிகோவில் 38 அதிகம் விற்கும், அமெரிக்காவுக்குப் போவது 40. இரண்டு பாட்டிலை ஒப்பிடும்போது இந்த எண்ணைப் பாருங்கள். 46 சதவீதச் சரக்கோடு 38ஐ வைத்துப் பார்த்து "இது மென்மையாக இருக்கிறது" என்று சொல்வதில் அர்த்தமில்லை.

லேபிளில் பார்க்க வேண்டியது அவ்வளவுதான். பாட்டிலின் அழகு, எடை, மூடியின் வேலைப்பாடு இவற்றுக்கும் உள்ளே இருப்பதற்கும் சம்பந்தமில்லை.

ருசி எங்கிருந்து வருகிறது

இதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளாமல் தீர்ப்புச் சொல்ல முடியாது. அதனால் கொஞ்சம் நிதானமாகவே போவோம்.

அகாவே முற்ற ஐந்து முதல் எட்டு வருடம் ஆகும். ஹிமடோர் என்று அழைக்கப்படும் அறுவடைக்காரர், நீண்ட பிடியும் வட்டமான அலகும் கொண்ட கோவா என்ற கருவியால் முள் இலைகளை ஒவ்வொன்றாகச் சீவி எறிவார். கடைசியில் மிஞ்சும் நடுத்தண்டு ராட்சத அன்னாசிப்பழம் போல இருக்கும். 30, 40 கிலோ சர்வசாதாரணம், அதற்கு மேலும் போகும். அதில் இருப்பது இனிக்காத மாவுப்பொருள். வேகவைத்தால்தான் அது உடைந்து பழச்சர்க்கரையாக மாறும். டெக்கீலாவின் ருசியில் பாதி இந்த வேகலில் தீர்மானமாகிறது.

பழைய முறை செங்கல் சூளை. துண்டு போட்ட தண்டுகளை அறை நிறைய அடுக்கி, கதவைச் சாத்தி நீராவி விடுவார்கள். வெந்து ஆறி வெளியே எடுக்க ஒன்றரை நாள் முதல் மூன்று நாள் வரை ஆகும். எடுக்கும்போது வெள்ளையாக இருந்தது பழுப்பாகி, நார் நாராகப் பிரிந்து, கையில் பிசுபிசுவென்று ஒட்டும். ஒரு துண்டை வாயில் போட்டு மென்றால் முதலில் வெல்லப்பாகின் இனிப்பு, பிறகு சுட்ட சர்க்கரைவள்ளிக்கிழங்கு, கடைசியில் லேசான கசப்பு, துப்புவதற்குச் சக்கை. இந்த மூன்றும் கோப்பையில் தெரிந்தால் அது நல்ல டெக்கீலா.

இரண்டாவது முறை ஆட்டோகிளேவ், அதாவது எஃகுப் பாத்திரத்தில் அழுத்தத்தோடு நீராவி. பெரும்பாலும் ஒரே நாளுக்குள் வேலை முடியும். சுவை கொஞ்சம் துலக்கமாகவும் மெலிந்தும் வரும். பொறுமையாக, குறைந்த அழுத்தத்தில் செய்பவர்கள் இதிலும் அருமையாக எடுக்கிறார்கள். மூன்றாவது டிஃப்யூசர். இதில் வேகவைக்காத அகாவேயை நசுக்கி, வெந்நீர் பாய்ச்சிச் சத்தைக் கழுவி எடுத்து, அந்தச் சாற்றைப் பிறகு சர்க்கரையாக்குவார்கள். வீண் குறையும், செலவு குறையும். கூடவே சூளையில் கிடைக்கும் அந்தச் சுட்ட வாசமும் போய்விடும். இந்தத் தகவல் எதையும் லேபிளில் எழுத வேண்டும் என்று கட்டாயமில்லை என்பதால், உங்கள் மூக்குதான் சோதனைக்கூடம்.

வெந்ததைப் பிழிய, தஹோனா என்ற எரிமலைப் பாறைச் சக்கரத்தைக் குழியில் சுற்றவிடுவது பழைய வழக்கம். இப்போது பெரும்பாலும் உருளை ஆலைகள்தான். தஹோனா சாற்றோடு நாரையும் கலந்து விடும். ஊறல் அந்த நாரோடு சேர்ந்து புளித்தால் ருசிக்கு அடர்த்தி வரும். லா அல்டேன்யாவில் இதற்கு நல்ல உதாரணம் கிடைக்கிறது. ஒரே வடிசாலையில் உருளை ஆலையில் பிழிந்து டபாட்டியோ, தஹோனாவில் பிழிந்து எல் டெசோரோ என்று இரண்டும் எடுக்கிறார்கள். இரண்டின் பிளாங்கோவையும் (மரத்தில் வைக்காத தெளிந்த வகை) பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடித்தால் நான் மேலே எழுதியதெல்லாம் தேவையே இல்லை.

மேட்டு நிலம், பள்ளத்தாக்கு என்று ஒரு பேச்சு வரும். ஹலிஸ்கோவின் கிழக்கே லாஸ் ஆல்டோஸ் மேட்டு நிலம், செம்மண், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2000 மீட்டர், குளிர் இரவுகள். அராண்டாஸ், அட்டோட்டொனில்கோ, ஹெசூஸ் மரியா எல்லாம் அங்கேதான். மேற்கே எரிமலை அடிவாரத்தில் டெக்கீலா, அமாட்டிட்டான், எல் அரெனால் ஊர்கள் அடங்கிய பள்ளத்தாக்கு. இந்தப் பள்ளத்தாக்கின் அகாவே வயல்களையும் பழைய வடிசாலைகளையும் 2006இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. மேட்டு நிலத்துச் சரக்கு இனிப்பும் பழமும் பூவுமாக இருக்கும், பள்ளத்தாக்கினது மண்வாசம், மிளகு, பச்சிலை என்று இருக்கும் என்பார்கள். ஓரளவுக்கு உண்மை. ஆனால் வடிசாலைகள் எங்கிருந்தும் அகாவே வாங்குகின்றன. எல் அரெனாலில் வடித்தது என்பதால் செடியும் அங்கேயே விளைந்தது என்று ஆகாது. மண்ணைவிட சூளைக்கும் ஊறலுக்கும்தான் நான் அதிக மதிப்பெண் தருவேன்.

மேஜையில் என்ன வேண்டும்

ஷாட் கிளாஸ் வேண்டாம். அதில் முகர வழியில்லை. ரீடல் நிறுவனம் டெக்கீலாவுக்கென்றே ஒல்லியான, காம்பு வைத்த கோப்பை ஒன்றைத் தயாரிக்கிறது. அது கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் சின்ன வைன் கோப்பையோ, விஸ்கிக்கான வாய் குறுகிய கிளென்கெய்ர்ன் கோப்பையோ போதும். எல்லாக் கோப்பையும் ஒரே மாதிரி இருக்கட்டும். முதலில் காலிக் கோப்பையை முகர்ந்து பாருங்கள். பாத்திரம் கழுவும் சோப்பு வாசம், அலமாரி வாசம் எதுவும் இருக்கக் கூடாது.

ஒரு கோப்பைக்கு 20 மில்லி தாராளம். ஒரு அமர்வில் மூன்று வகை, மிஞ்சினால் நான்கு. அதற்கு மேல் நாக்கு மரத்துப்போய்விடும், எழுதுவது எல்லாம் கற்பனையாகிவிடும். வாயில் வைத்துவிட்டுத் துப்புவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, தொழில்முறைச் சுவைஞர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். நல்ல தண்ணீர், உப்பில்லாத பிஸ்கட் அல்லது வெறும் ரொட்டி, ஒரு நோட்டு, பேனா. வெறும் வயிற்றில் உட்காராதீர்கள். காரசாரமான சைட் டிஷ்ஷை எல்லாம் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம். சென்ட் பூசிக்கொண்டு வரும் நண்பரைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லுங்கள்.

ஐஸ் போட வேண்டாம், ஃபிரிட்ஜிலும் வைக்க வேண்டாம். குளிர்ந்தால் வாசம் அடங்கிவிடும். அதே சமயம் 35 டிகிரி அறையில் மதுவின் நெடி மட்டும்தான் மேலே வரும். வெயில் காலத்தில் ஏசி போட்ட அறையில் உட்காருவது நல்லது. ஊற்றியவுடன் தொடாமல் பத்து நிமிடம் விடுங்கள்.

மூக்கு, நாக்கு, தொண்டை

கோப்பையைத் தூக்கி வெளிச்சத்தில் பாருங்கள். பிளாங்கோ தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும், சிலவற்றில் வெள்ளி மினுக்கு தெரியும். சுழற்றினால் ஓரத்தில் கோடு கோடாக இறங்கும். அதை வைத்துப் பெரிதாக எதுவும் முடிவு கட்ட வேண்டாம். நிறத்தையும் நம்ப வேண்டாம். காரணம் பின்னால் வரும்.

அடுத்தது மூக்கு. இதில்தான் அவசரக்காரர்கள் கோட்டை விடுகிறார்கள். மூக்கைக் கோப்பைக்குள் நுழைத்து ஆழமாக இழுத்தால் மதுவின் நெடி ஏறி, அடுத்த சில நிமிடங்களுக்கு மூக்கு வேலை செய்யாது. கோப்பையைச் சற்றுச் சாய்த்து, வாயை லேசாகத் திறந்து வைத்துக்கொண்டு, விளிம்புக்கு வெளியே இருந்து மெல்ல முகருங்கள். பிறகு விளிம்பின் கீழ் ஓரம், நடு, மேல் ஓரம் என்று மூக்கை நகர்த்துங்கள். மூன்று இடத்திலும் வேறு வேறு வாசம் வரும். ஓரிடத்தில் பழம், இன்னோர் இடத்தில் மிளகு, மற்றதில் வெறும் ஸ்பிரிட்.

நல்ல பிளாங்கோவில் முதலில் வருவது அந்த வெந்த அகாவே. சுட்ட சர்க்கரைவள்ளி, பூசணி, இளம்பாகு என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பின்னால் சாத்துக்குடித் தோல், வெள்ளை மிளகு, சோம்பு, புதினா, ஈரமண். பள்ளத்தாக்குப் பக்கத்துச் சிலவற்றில் உப்பு நீரில் ஊறிய ஆலிவ் காய் வாசம் வரும். ஃபோர்ட்டலேசா பிளாங்கோவில் அது தூக்கலாக இருக்கும், அதோடு வெண்ணெயும். ஊறலிலிருந்து வாழைப்பழம், அன்னாசி, தயிர்ப் புளிப்பு வருவதும் உண்டு. இந்தப் பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டாம். உங்களுக்குக் கொய்யா என்று தோன்றினால் கொய்யா என்றே எழுதுங்கள். மறுமுறை அந்த வாசத்தை அடையாளம் காண உதவப்போவது அதுதான்.

கெட்ட வாசங்களையும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் நெடி அடித்தால், வடிக்கும்போது முதலில் வரும் தலைப்பகுதியைச் சரியாக ஒதுக்கவில்லை என்று பொருள். நனைந்த அட்டை, ஈரநாய் வாசம் என்றால் கடைசியில் வரும் வால்பகுதி கலந்திருக்கிறது. வடிப்பவரின் கைத்திறமை தெரிவது, எந்த இடத்தில் வெட்டி நடுப்பகுதியை எடுக்கிறார் என்பதில்தான்.

மூக்கு குழம்பினால் ஒரு கைவைத்தியம். உள்ளங்கையில் சில சொட்டு விட்டு, இரண்டு கையையும் பரபரவென்று தேய்த்துவிட்டு, கொஞ்சம் பொறுங்கள். மது ஆவியாகி, கை காய்ந்ததும் முகருங்கள். சூளையில் வெந்த அகாவேயில் வடித்தது என்றால் பாகு வாசம் கையில் நிற்கும். டிஃப்யூசர் சரக்கில் பெரும்பாலும் ஒன்றும் மிஞ்சாது. சிலதில் வெண்ணிலா எசென்ஸ் மட்டும் மிஞ்சும். அது எதைக் காட்டுகிறது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

சரி, இப்போது வாயில். முதல் மடக்கு மிகச் சிறியதாக இருக்கட்டும், நாக்கு நனைகிற அளவுக்கு. அது வாயைத் தயார்ப்படுத்த மட்டும். அதை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள், எந்தச் சரக்கும் முதல் சொட்டில் எரியத்தான் செய்யும். அரை நிமிடம் கழித்து இரண்டாவது மடக்கு. நாக்கின் மேல் பரவ விட்டு, கன்னங்களின் உட்புறம் தொட்டு, ஐந்தாறு நொடி வைத்திருந்து விழுங்குங்கள். விழுங்கியதும் வாயை மூடி மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். அப்போது ஒரு வாசம் மேலே வரும். பல சமயம் கோப்பையில் மூக்கு கண்டுபிடிக்காதது அந்த மூச்சில் தெரியும்.

கவனிக்க வேண்டியவை: மூக்கில் சொன்னது வாயிலும் இருக்கிறதா? இனிப்பு இருந்தால் அது அகாவேயின் இனிப்பா, சர்க்கரையா? அகாவேயின் இனிப்பு வந்து, பின்னால் லேசான கசப்போ காரமோ தொடரும். சேர்த்த இனிப்பு உதட்டில் ஒட்டிக்கொண்டு கடைசிவரை ஒரே சீராக இருக்கும். மூன்றாவதாக, ருசி எவ்வளவு நேரம் நிற்கிறது? கடிகாரத்தைப் பார்த்தே சொல்லலாம். பத்து நொடியில் காணாமல் போகிறதா, ஒரு நிமிடம் ஆகியும் மிளகும் தோலும் தொண்டையில் நிற்கிறதா?

"ஸ்மூத்தா இருக்கு" என்பது டெக்கீலாவைப் பற்றிச் சொல்லப்படுவதிலேயே மிகக் குறைந்த தகவல் உள்ள பாராட்டு. கிளிசரின் கலந்தாலும் வழவழப்பு வரும், தண்ணீர் கூடினாலும் வரும். நல்ல பிளாங்கோவில் கொஞ்சம் காரம் இருக்கத்தான் வேண்டும். காரம் வேறு, எரிச்சல் வேறு. காரம் நாக்கின் நடுவில் மிளகாகத் தெரிந்து அடங்கும், எரிச்சல் தொண்டையில் கீறும். 46 சதவீதத்துக்கு மேல் போகும் பாட்டில் என்றால் சில சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். டபாட்டியோவில் 55 சதவீதத்தில் ஒன்று வருகிறது, அது தண்ணீர் பட்டவுடன் பூத்துவிடும்.

வகைகளை எப்படி எடை போடுவது

பிளாங்கோ: வடித்தவுடனோ, இரண்டு மாதத்துக்குள்ளோ பாட்டிலில் அடைத்தது. மறைக்க மரம் இல்லை. அதனால் ஒரு வடிசாலையை எடைபோட வேண்டுமென்றால் அதன் பிளாங்கோவைத்தான் முதலில் குடிக்க வேண்டும். விலை குறைவு என்பதால் இதை மட்டம் என்று நினைப்பவர்கள் நிறைய. டெக்கீலாவில் வயது கூடினால் தரம் கூடும் என்ற கணக்கு செல்லாது.

ரெபொசாடோ: ஓக் மரத்தில் குறைந்தது 2 மாதம், ஒரு வருடத்துக்குள். மரத்தின் வெண்ணிலாவும் பட்டையும் மெல்லிய போர்வையாக மேலே கிடக்க, கீழே அகாவே தெளிவாகத் தெரிய வேண்டும். இரண்டும் சண்டை போட்டால் தேறாது. மென்மையிலிருந்து தொடங்க வேண்டும் என்பவர்களுக்கு இதுதான் சரியான வாசல்.

அன்யெஹோ: 600 லிட்டருக்கு மிகாத பீப்பாயில் குறைந்தது ஒரு வருடம். சின்னப் பீப்பாய் என்றால் மரத்தோடு தொடர்பு அதிகம். பெரும்பாலும் அமெரிக்க போர்பன் விஸ்கி வைத்திருந்த பழைய பீப்பாய்கள். அதனால் கேரமல், தேங்காய், கிராம்பு, உலர்பழம், கசப்புச் சாக்லேட் எல்லாம் வரும். விஸ்கி குடித்துப் பழகியவர்களுக்கு இது உடனே பிடித்துவிடும், அதிலேயே சிக்கலும் இருக்கிறது. கண்ணை மூடிக் குடித்தால் இது விஸ்கியா டெக்கீலாவா என்று சந்தேகம் வந்தால் மரம் ஜெயித்துவிட்டது என்று அர்த்தம்.

எக்ஸ்ட்ரா அன்யெஹோ: குறைந்தது 3 வருடம். 2006இல் புதிதாகச் சேர்த்த வகை. ஸ்காட்லாந்தில் மூன்று வருடம் என்றால் விஸ்கி அப்போதுதான் பெயர் வாங்குகிறது. ஹலிஸ்கோவின் வெப்பத்தில் பீப்பாய் வேகமாக வேலை செய்யும், சரக்கும் வேகமாக ஆவியாகும். அதனால் அங்கே மூன்று வருடம் நீண்ட காலம். இதில் அருமையானவை உண்டு. ஆனால் முதல் ஆறு மாதத்துக்கு இந்தப் பக்கமே போகாதீர்கள். விலைக்கு இரண்டு மூன்று நல்ல பிளாங்கோ வாங்கலாம்.

கிறிஸ்டலீனோ: அன்யெஹோவையோ ரெபொசாடோவையோ கரியில் வடிகட்டி நிறத்தை நீக்கியது. டான் ஹூலியோ 70 இந்த வகைக்குப் பரவலாகப் பெயர் வாங்கித் தந்தது. கரி நிறத்தை மட்டும் எடுப்பதில்லை, வாசத்தையும் எடுக்கும். எனக்கு இதில் பெரிய மரியாதை இல்லை. வருடக்கணக்கில் மரத்தில் வைத்து ஏற்றியதை ஒரே நாளில் இறக்கிவிடுவது ஏன் என்று புரியவில்லை. இருந்தாலும் மெக்சிகோவிலேயே சக்கைப்போடு போடுகிறது என்பதால், அதே வீட்டின் வடிகட்டாத அன்யெஹோவோடு வைத்து ஒருமுறை நீங்களே பார்த்துவிடுங்கள்.

சேர்மானம் என்கிற விவகாரம்

மரத்தில் வைத்த வகைகளில் எடையில் ஒரு சதவீதம் வரை நான்கு பொருள்களைச் சேர்க்க மெக்சிகோ விதிகள் இடம் தருகின்றன: கேரமல் நிறம், ஓக் சாறு, கிளிசரின், சர்க்கரைப்பாகு. இந்த அளவுக்குள் இருந்தால் லேபிளில் சொல்ல வேண்டியதில்லை. ஒரு சதவீதம் கேட்க அற்பமாகத் தோன்றும். ஆனால் இப்போதைய செறிவூட்டிய இனிப்புகளும் வாசனைகளும் சில துளியிலேயே ஒரு பாட்டிலின் குணத்தை மாற்றிவிடும்.

நிறத்தை நம்ப வேண்டாம் என்றது இதனால்தான். ஆறு மாத ரெபொசாடோ செம்பழுப்பாக மின்னினால் சந்தேகப்படலாம். பலமுறை பயன்படுத்திய பழைய பீப்பாயில் மூன்று வருடம் இருந்தது வெளிர் வைக்கோல் நிறத்தில் இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். வாசத்தில் வெண்ணிலா ஐஸ்கிரீமோ, கேக் மேல் பூசும் கிரீமோ முந்திக்கொண்டு வந்து, அகாவேயைத் தேடித் தேடிப் பார்த்தும் கிடைக்காவிட்டால் சேர்மானம்தான் என்று ஊகிக்கலாம். கையில் தேய்த்தபோது எசென்ஸ் மட்டும் மிஞ்சியது என்று சொன்னேனே, அதுவும் இந்த அறிகுறிதான். ஆனால் நிரூபணம் இல்லை. புதிய, நன்கு கருக்கிய அமெரிக்க ஓக்கும் நிறைய வெண்ணிலா தரும். ஒரே ஒரு அறிகுறியை வைத்துப் பழி போடாமல், மூன்று நான்கு சேர்ந்து வந்தால் முடிவுக்கு வாருங்கள்.

இனிப்பான பாட்டில் உங்களுக்குப் பிடித்திருந்தால் குடியுங்கள், அதில் குற்றமில்லை. காசு எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுத்தால் சரி.

மூன்று அமர்வுகள்

முதல் அமர்வு: ஒரு நல்ல 100% அகாவே பிளாங்கோவும் ஒரு மிக்ஸ்டோவும். அவ்வளவுதான். இரண்டையும் முகர்ந்தாலே வெந்த அகாவே என்றால் என்ன என்று மூக்கு கற்றுக்கொள்ளும்.

இரண்டாவது: மூன்று வெவ்வேறு வடிசாலைகளின் பிளாங்கோ. ஃபோர்ட்டலேசா, சியெட்டே லெகுவாஸ், டபாட்டியோ, காஸ்காஹுயின் இவற்றில் எது கிடைத்தாலும் நல்லது. கிடைக்காவிட்டால் எல் டெசோரோ, ஓச்சோ, எர்ரதூரா. ஓச்சோவில் அகாவே விளைந்த வயலின் பெயரும் வருடமும் லேபிளில் இருக்கும். இரண்டு வருடத்துப் பாட்டில் கிடைத்தால் அதையே ஒரு அமர்வாக வைக்கலாம். பெரும்பாலோர் ஒரே பிராண்டின் பிளாங்கோ, ரெபொசாடோ, அன்யெஹோ என்று வரிசையாக வைத்துத் தொடங்குவார்கள். அதுவும் நல்லதுதான், ஆனால் அதில் கற்றுக்கொள்வது மரத்தைப் பற்றி. மூன்று பிளாங்கோ வைத்தால் கற்றுக்கொள்வது டெக்கீலாவைப் பற்றி. மரத்தை மூன்றாவது அமர்வுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பாட்டிலை மறைத்து ஊற்றினால்தான் இதெல்லாம் பலிக்கும். விலையும் பெயரும் தெரிந்தால் நாக்கு பொய் சொல்லும். வீட்டில் ஒருவரிடம் சொல்லி, கோப்பைகளுக்கு அடியில் எண் ஒட்டி ஊற்றித் தரச் சொல்லுங்கள். இன்னும் கறாராகப் பார்க்க வேண்டுமானால் மூன்று கோப்பையில் இரண்டில் ஒரே சரக்கு, ஒன்றில் வேறு. தனியாக நிற்பது எது என்று கண்டுபிடியுங்கள். பத்து மடங்கு விலை வித்தியாசம் உள்ள இரண்டு பாட்டிலை இப்படி வைத்துப் பார்க்கும்போது மேஜையில் நடக்கும் வாக்குவாதம் தனி ருசி.

நோட்டில் மதிப்பெண் போட வேண்டுமென்று கட்டாயமில்லை. நோம் எண், வகை, மதுச்சத்து, மூக்கில் இரண்டு சொல், வாயில் இரண்டு சொல், எவ்வளவு நேரம் நின்றது, மறுபடி வாங்குவேனா. இந்த ஏழு போதும். கடைசிக் கேள்வியை மறுநாள் காலையில் நிரப்புவது நேர்மையாக இருக்கும்.

மெக்சிகோவில் டெக்கீலாவோடு சங்ரீட்டா என்ற பானத்தைத் தனிக் கோப்பையில் வைத்து மாறி மாறி உறிஞ்சுவார்கள். ஆரஞ்சுச் சாறு, எலுமிச்சை, மிளகாய், சில இடங்களில் மாதுளை அல்லது தக்காளி. சுவைத்து எழுதும் வேலை முடிந்த பிறகு, மீதமிருப்பதை அதோடு குடிப்பது நல்ல முடிவு. பாட்டிலுக்குள் புழுவைத் தேட வேண்டாம். அது அகாவேயில் எடுக்கும் இன்னொரு மதுவான மெஸ்காலின் சில வகைகளில் போடும் விற்பனை உத்தி, டெக்கீலாவில் கிடையாது.

திறந்த பாட்டிலை வெயில் படாத அலமாரியில் நிற்க வைத்து வையுங்கள். வைன் மாதிரிப் படுக்க வைத்தால் மது கார்க்கை அரித்து, அந்த வாசம் சரக்கில் இறங்கிவிடும். பாட்டில் பாதிக்குக் கீழே போனதும் உள்ளே காற்று கூடி, பிளாங்கோவின் பழமும் பூவும்தான் முதலில் மங்கும். அந்தக் கட்டத்தில் சின்ன பாட்டிலுக்கு மாற்றுங்கள், அல்லது நண்பர்களைக் கூப்பிட்டு முடித்துவிடுங்கள்.